எல்லாப் பந்தயத்திலும் ஜெயித்தவருக்கு மூன்றாவது இடம்! - 1936 ஸ்பீட்வே சீசனின் கதை

ஒரு வீரர் ஐந்து முறை களத்தில் இறங்குகிறார். ஐந்து முறையும் முதலாவதாக வருகிறார். அன்று அவரை யாராலும் முந்த முடியவில்லை. ஆனால் கோப்பை வேறொருவருக்குப் போகிறது. இரண்டாவது இடம் கூட அவருக்கு இல்லை, மூன்றாவது இடம்தான்!

கற்பனை இல்லை. 1936-ஆம் ஆண்டு செப்டம்பர் 10-ஆம் தேதி, லண்டன் வெம்ப்ளி மைதானத்தில் சுமார் 74,000 பேர் பார்த்துக்கொண்டிருக்க, உண்மையிலேயே நடந்தது. மோட்டார் சைக்கிள் ஸ்பீட்வேயின் முதல் உலக சாம்பியன்ஷிப் இறுதிப்போட்டி அது.

ஸ்பீட்வே என்றால் என்ன?

நம் ஊரில் அதிகம் பேசப்படாத விளையாட்டு இது. அந்தக் காலத்தில் நிலக்கரிச் சாம்பல் கொட்டிய நீள்வட்டப் பாதை. நான்கு வீரர்கள், நான்கு சுற்றுகள். எல்லாம் ஒரு நிமிடத்துக்குச் சற்றுக் கூடுதலான நேரத்தில் முடிந்துவிடும். முதலில் வருபவருக்கு 3 புள்ளி, அடுத்தவருக்கு 2, மூன்றாமவருக்கு 1, கடைசியாக வருபவருக்குப் பூஜ்யம்.

இதில் விசேஷம் என்னவென்றால், வண்டிக்குப் பிரேக் கிடையாது! ஒரே ஒரு கியர்தான். 1930-களில் பெரும்பாலான வீரர்கள் ஜாப் நிறுவனத்தின் 500 சிசி இன்ஜினைப் பயன்படுத்தினார்கள். வளைவு வந்தால் வேகத்தைக் குறைக்க மாட்டார்கள். பின் சக்கரத்தை வேண்டுமென்றே சறுக்கவிட்டு, முன் சக்கரத்தை எதிர்ப்பக்கம் திருப்பி, இரும்புத் தகடு பொருத்திய இடது காலைத் தரையில் தேய்த்தபடி திரும்புவார்கள். பின்னால் வருபவர் முகத்தில் சாம்பல் மழைதான்.

இங்கிலாந்தில் இந்த விளையாட்டைப் பெரிய அளவில் ஆரம்பித்து வைத்தது 1928 பிப்ரவரி 19 அன்று லண்டனுக்கு அருகே ஹை பீச் என்ற இடத்தில் நடந்த பந்தயம். ஆஸ்திரேலியாவில் ஏற்கெனவே பிரபலமாகியிருந்த விளையாட்டு இது. ஹை பீச்சில் சில ஆயிரம் பேர் வந்தால் போதும் என்று நினைத்தவர்களுக்கு அதிர்ச்சி. கூட்டம் பல மடங்கு திரண்டது! அடுத்த ஆண்டே லீக் போட்டிகள் தொடங்கிவிட்டன.

வெம்ப்ளியின் வியாபாரம்

இங்கே ஆர்தர் எல்வின் என்பவரைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். 1924-25-ல் வெம்ப்ளியில் நடந்த பிரிட்டிஷ் பேரரசுக் கண்காட்சியில் சிகரெட் கடை நடத்தியவர். கண்காட்சி முடிந்ததும் அங்கிருந்த கட்டடங்களை வாங்கி, இடித்து விற்றுப் பணம் பார்த்தார். 1927-ல் மைதானமே அவர் கைக்கு வந்தது.

அவ்வளவு பெரிய மைதானத்தை, வருடத்துக்கு ஒரு முறை நடக்கும் கால்பந்து இறுதிப்போட்டியை மட்டும் நம்பி நடத்த முடியுமா? வாராவாரம் கூட்டம் வர வேண்டும். முதலில் நாய்ப் பந்தயம், 1929-ல் ஸ்பீட்வே. வெம்ப்ளி அணிக்கு லயன்ஸ் என்று பெயர்.

1936-ல் நேஷனல் லீகில் 7 அணிகள் இருந்தன. பெல் வ்யூ, வெம்ப்ளி, வெஸ்ட் ஹாம், ஹாரிங்கே, ஹாக்னி விக், நியூ கிராஸ், விம்பிள்டன். இதில் மான்செஸ்டரின் பெல் வ்யூ மட்டும்தான் வடக்கத்தி அணி. மற்ற ஆறும் லண்டன்! ஆனால் அந்த ஒற்றை அணிதான் 1933 முதல் 1936 வரை தொடர்ந்து நான்கு முறை லீக் பட்டத்தை வென்றது.

தனிநபர் பட்டத்துக்கு 1929 முதல் 'ஸ்டார்' பத்திரிகை நடத்திய போட்டி இருந்தது. 1935-ல் அந்த இறுதிப்போட்டிக்கு முந்தைய இரவு, நியூ கிராஸ் மைதானத்தில் டாம் ஃபார்ன்டன் என்ற நட்சத்திர வீரர் விபத்தில் சிக்கி, இரண்டு நாளில் இறந்துபோனார். எவ்வளவு ஆபத்தான பிழைப்பு என்பதற்கு இந்த ஒரு சம்பவம் போதும். அடுத்த ஆண்டு 'ஸ்டார்' போட்டியின் இடத்துக்கு உலக சாம்பியன்ஷிப் வந்தது.

போனஸ் புள்ளி என்ற வில்லன்

சீசனில் பல மைதானங்களில் தகுதிச் சுற்றுகள் நடந்தன. அதில் தேறிய 16 பேர் இறுதிப்போட்டிக்கு வந்தார்கள். ஆனால் எல்லோரும் பூஜ்யத்தில் இருந்து தொடங்கவில்லை. தகுதிச் சுற்றில் எடுத்த புள்ளிகளுக்கு ஏற்ப ஒவ்வொருவருக்கும் போனஸ் புள்ளிகள் கொடுக்கப்பட்டன. கணக்குப் பதிவியல் படித்தவர்களுக்குப் புரியும்படி சொன்னால், தொடக்க இருப்பு!

களத்தில் மூன்று பேர் முக்கியமானவர்கள்.

எரிக் லாங்டன் - இங்கிலாந்துக்காரர், பெல் வ்யூ அணி. போனஸ் 13.
லயனல் வான் ப்ராக் - ஆஸ்திரேலியர், வெம்ப்ளி அணி. போனஸ் 12.
'ப்ளூயி' வில்கின்சன் - ஆஸ்திரேலியர், வெஸ்ட் ஹாம் அணி. போனஸ் 10.

(செம்பட்டை முடிக்காரரை 'ப்ளூயி' என்று கேலியாகக் கூப்பிடுவது ஆஸ்திரேலிய வழக்கம். வில்கின்சனுக்கும் அப்படித்தான் பெயர் வந்தது.)

அன்று இரவு வில்கின்சன் ஓடிய ஐந்திலும் முதலிடம், 15 புள்ளி. வான் ப்ராக் 14. லாங்டன் 13. அன்றைய கணக்கு மட்டும் என்றால் வில்கின்சன்தான் உலக சாம்பியன். போனஸைக் கூட்டியபோது?

வான் ப்ராக் 26. லாங்டன் 26. வில்கின்சன் 25.

ஒரே ஒரு புள்ளி! அதோடு அவர் ஒதுங்கி நின்று, மற்ற இருவரும் பட்டத்துக்காக மோதுவதை வேடிக்கை பார்க்க வேண்டியதாயிற்று.

ஒரு சக்கர நீளம் கூட இல்லை

இருவர் மட்டும் ஓடும் தீர்மானப் பந்தயம். லாங்டன் அவசரப்பட்டு, தொடக்கக் கோட்டில் கட்டியிருந்த நாடாவை அறுத்துவிட்டார். விதிப்படி அவரை வெளியேற்றியிருக்கலாம். 'இப்படி வரும் பட்டம் எனக்கு வேண்டாம், ஓடியே தீர்மானிப்போம்' என்ற நிலையை எடுத்தார் வான் ப்ராக். மறுபடி தொடங்கியபோது லாங்டன் முந்திக்கொண்டார். கடைசிச் சுற்றின் கடைசி வளைவு வரை அவர்தான் முன்னிலை. அங்கே கிடைத்த சின்ன இடைவெளியில் வண்டியை நுழைத்த வான் ப்ராக், ஒரு சக்கர நீளத்துக்கும் குறைவான வித்தியாசத்தில் ஜெயித்தார். பரிசு 500 பவுண்டு.

பின்னாளில் இந்தப் பந்தயம் பற்றி ஒரு குற்றச்சாட்டு கிளம்பியது. முதல் வளைவுக்கு யார் முதலில் வருகிறாரோ அவரே ஜெயிக்கட்டும், பரிசுப் பணத்தைப் பங்கு போட்டுக்கொள்வோம் என்று இருவரும் முன்பே பேசிவைத்திருந்தார்களாம். பேச்சை மீறியதற்காக வான் ப்ராக் லாங்டனுக்கு 50 பவுண்டு கொடுத்தார் என்றும் சொல்லப்பட்டது. ஆனால் ஒன்று மட்டும் நிச்சயம், ஒப்பந்தம் இருந்ததோ இல்லையோ, வில்கின்சனுக்கு அதில் பங்கில்லை.

பிறகு?

வில்கின்சன் அழுதுகொண்டு உட்காரவில்லை. 1937-ல் முதல் மூன்று இடங்களையும் அமெரிக்கர்கள் அள்ளிக்கொண்டார்கள், ஜாக் மில்ன் சாம்பியன். 1938-ல் அதே வெம்ப்ளியில், அதே போனஸ் முறையில், வில்கின்சன் உலக சாம்பியன் ஆனார்! அடுத்த இரண்டே ஆண்டில், 1940-ல், சிட்னியில் நடந்த சாலை விபத்தில் இறந்தார். பிரேக் இல்லாத வண்டியில் தப்பித்தவரின் உயிர் சாதாரணச் சாலையில் போனது.

வான் ப்ராக் இரண்டாம் உலகப் போரில் விமானி ஆனார். 1942-ல் அவர் இருந்த விமானம் சுட்டு வீழ்த்தப்பட்டபோது, சுமார் 30 மணி நேரம் கடலில் மிதந்து காயம்பட்டவர்களைக் காப்பாற்றியதற்காக ஜார்ஜ் பதக்கம் பெற்றார்.

1939 இறுதிப்போட்டி செப்டம்பர் 7-ல் நடக்க இருந்தது. செப்டம்பர் 3-ல் போர் தொடங்கிவிட்டது, போட்டி நடக்கவே இல்லை. 1949-ல் உலக சாம்பியன்ஷிப் திரும்ப வந்தபோது போனஸ் புள்ளி இல்லை. அந்த இரவில் யார் அதிகம் எடுக்கிறாரோ அவரே சாம்பியன்.

போனஸ் முறையிலும் ஒரு நியாயம் இருக்கத்தான் செய்தது. ஒரு இரவில் செயின் அறுந்தால் சீசன் முழுக்க உழைத்தது வீணாகக் கூடாதே! தகுதிச் சுற்றுகளுக்கும் ஒரு மதிப்பு வரும், டிக்கெட்டும் விற்கும். வருடம் முழுக்க எழுதும் தேர்வுகளுக்கு இன்டர்னல் மார்க் கொடுப்பது போலத்தான். ஆனால் இன்டர்னலில் மூன்று மார்க் குறைந்ததற்காக, ஃபைனலில் நூற்றுக்கு நூறு எடுத்தவரை மூன்றாம் இடத்தில் நிறுத்துவது சரியா?

1936-ல் சாம்பியன் வான் ப்ராக் என்றுதான் எல்லாப் பட்டியலிலும் இருக்கிறது. அது தவறும் இல்லை, விதி எல்லோருக்கும் முன்பே தெரியும். ஆனால் அந்தப் பட்டியலில் மூன்றாவது பெயரைப் பார்க்கும்போது, பக்கத்தில் இருக்கும் 15 என்ற எண்ணையும் சேர்த்துப் பாருங்கள்.