உதட்டில் வைத்த இறகு

சுவிட்சர்லாந்தின் பெர்ன் பகுதியில் ஓபர்பியூரன் என்றொரு இடம். 15ஆம் நூற்றாண்டில் அங்கே பேர்பெற்ற மாதா கோயில் ஒன்று இருந்தது. செத்துப் பிறந்த குழந்தைகளை அங்கே தூக்கிக்கொண்டு வருவார்கள். தணலுக்கும் எரியும் மெழுகுவர்த்திகளுக்கும் நடுவே அந்தச் சிற்றுடலைக் கிடத்துவார்கள் பெண்கள். மெல்லச் சூடேறும். உதட்டின் மேல் ஓர் இறகை வைத்துவிட்டு, கண் கொட்டாமல் பார்ப்பார்கள். அனல் காற்றில் இறகு துளி அசைந்தால் போதும்; உயிர் வந்துவிட்டதென்று அந்தக் கணமே ஞானஸ்நானம். பிறகு, மந்திரித்த மண்ணில் அடக்கம்.

அசையாவிட்டால்? ஞானஸ்நானம் பெறாத பிள்ளைக்குக் கல்லறைத் தோட்டத்தில் இடமில்லை. மோட்சத்திலும் இடமில்லை.

இந்தத் தீர்ப்பு எங்கிருந்து வந்தது? அதற்கும் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பு பெலாஜியுஸ் என்றொரு துறவி இருந்தார். நன்மையும் தீமையும் அவரவர் மனம் தேர்ந்தெடுப்பது, ஆதாமின் பாவம் ஆதாமோடு போயிற்று என்றவர் அவர். ஹிப்போ நகரின் ஆயர் அகுஸ்தீன் இதை ஏற்கவில்லை. மனித மனம் நோயில் விழுந்தது. தேவ அருள் கைகொடுக்காமல் அதனால் எழவே முடியாது என்றார். விட நினைத்தும் விடமுடியாத பழக்கம் ஒன்றோடு மல்லுக்கட்டிய எவருக்கும் அகுஸ்தீனின் பேச்சு சுருக்கென்று புரியும். எனக்கும் அப்படித்தான்.

ஆனால் அவர் கையிலெடுத்த சான்று, பச்சிளம் குழந்தை. ஆதாமிடமிருந்து வழிவழியாக வரும் ஜென்மப்பாவம் இல்லையென்றால் திருச்சபை ஏன் குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுக்கிறது என்று கேட்டார். 418இல் கார்த்தேஜில் கூடிய 200க்கும் மேற்பட்ட ஆயர்கள் பெலாஜியுஸின் போதனையைக் கண்டித்தார்கள். எதையுமே தேர்ந்தெடுக்காத சிசு, தேர்வைப் பற்றிய வழக்கில் தண்டனை பெற்றது. அகுஸ்தீனுக்கே இது உறுத்தியது. குழந்தைகளின் தண்டனை என்று வரும்போது விடை தெரியாமல் திணறுகிறேன் என்று 415இல் வேத அறிஞர் ஜெரோமுக்கு எழுதினார். அவர்களுக்கு மிக இலேசான தண்டனைதான் என்றும் சொல்லிப் பார்த்தார்.

பின்னால் வந்தவர்கள் அதையும் தணித்தார்கள். நரகத்தின் ஓரத்தில் லிம்போ என்றோர் இடம். அங்கே வேதனை இல்லை, தேவதரிசனமும் இல்லை. பிள்ளைகள் இயல்பான மகிழ்ச்சியோடு இருப்பார்கள் என்றார் தாமஸ் அக்குவினாஸ். பெற்றவளுக்கு இது எப்படி ஆறுதலாகும்? நாளை அவளே மோட்சம் சேர்ந்தாலும் பிள்ளை அங்கே இருக்காதே!

அதனால்தான் ஓபர்பியூரனுக்கு வழி தேடி வந்தார்கள். அங்கே இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட சிசுக்களுக்கு ஞானஸ்நானம் நடந்திருப்பதாக 1486இல் கான்ஸ்டன்ஸ் ஆயர் ரோமுக்கு முறையிட்டார். செத்த உடலுக்கு ஞானஸ்நானம் செல்லாது. சட்டப்படி ஆயர் சொன்னது சரி. ஆனாலும் கடவுளின் இரக்கத்தை அதிகம் நம்பியவர்கள் அந்தத் தாய்மார்கள்தான் என்பேன். 1528இல் பெர்ன் சீர்திருத்தச் சபையின் பக்கம் சாய்ந்தது, பிறகு கோயில் இடிக்கப்பட்டது.

லிம்போ விசுவாசக் கோட்பாடு அல்ல, இக்குழந்தைகள் மீட்படைவார்கள் என நம்பப் போதிய காரணம் உண்டு என்று வத்திக்கானின் இறையியல் ஆணையம் அறிக்கை வெளியிட்டது 2007இல். அதற்குச் சில ஆண்டுகள் முன்பு, 1990களில், அந்தக் கோயில் இருந்த இடத்தைத் தொல்லியலாளர்கள் தோண்டினார்கள். ஏறக்குறைய 250 சிசுக்களின் எலும்புகள் கிடைத்தன. பலவும் குறைமாதப் பிள்ளைகள். அவர்களுக்கெல்லாம் இறகு அசைந்திருந்தது.