பூட்டு இருக்கட்டும், சாவி யாரிடம்?

அம்பத்தூருக்கும் ஆவடிக்கும் நடுவிலே இருக்கிற அண்ணனூர்லேர்ந்து வர்றேன்.

எங்கம்மாவுக்குப் பன்னிரண்டு வருஷமா சர்க்கரை. ஒரே ஆஸ்பத்திரி. போன வருஷம், "சாஃப்ட்வேர் கம்பெனியை மாத்திட்டோம், பழைய ரிக்கார்டு திறக்கலை"ன்னுட்டாங்க. சிறுநீரகம் எப்போ கெட ஆரம்பிச்சதுன்னு டாக்டர் கேக்கறார், நாங்க முழிக்கறோம். ரத்தம் எங்கம்மாவோடது, காசு எங்களோடது, கணக்கு மட்டும் கம்பெனியோடதா? (கைதட்டல்)

இது புது வியாதி இல்லை. பக்குவத்தை மகனுக்கும் சொல்லாத வைத்தியரோடு மருந்தும் சுடுகாடு போன ஊர் இது.

பூட்டாதவர்களின் சரித்திரத்தையும் கேளுங்கள். 1970களின் பிற்பகுதியில், அமெரிக்கப் படைவீரர் மருத்துவமனைகளில் டாக்டர்களும் நிரலாளர்களும் சேர்ந்து ஒரு மென்பொருளை வளர்க்கத் தொடங்கினார்கள். 'விஸ்டா' என்று பின்னாளில் பெயர் பெற்றது. வரிப்பணத்தில் எழுதியது, பொதுச்சொத்தானது. 1983இல் ரிச்சர்ட் ஸ்டால்மன் கட்டற்ற மென்பொருளுக்குக் குரல் கொடுத்தார். 2004இல் 'ஓப்பன் எம்.ஆர்.எஸ்.' பிறந்தது, 2006இல் கென்யாவின் எல்டோரெட்டில் எய்ட்ஸ் நோயாளிகளின் சிகிச்சைக் குறிப்புகளைச் சுமந்தது. அதன்மேல் கட்டியதுதான் நம் நாட்டில் உருவான 'பஹ்ம்னி'. சத்தீஸ்கரில் கனியாரி என்ற கிராமத்தில், ஜன் ஸ்வாஸ்த்ய சஹயோக் மருத்துவமனையில் முதலில் ஓடியது. கென்யாவில் போட்ட அடித்தளம், சத்தீஸ்கர் ஏழைக்குக் கூரை!

எதிரணித் தங்கச்சி கேட்டாங்க: "சும்மா கிடைக்கிறது பழுதானா யார் பொறுப்பு?" நல்ல கேள்வி. பராமரிக்க ஆள் வேணும், சம்பளம் வேணும், ஒத்துக்கறேன். ஆனா எங்க ஊர்ப் பக்கம் மின்சார ரயில் பணிமனை இருக்கு. ஒரு மெக்கானிக் ரிட்டயர் ஆனா ரயில் நின்னுடுதா? அடுத்தவர் திறந்து பார்க்கிறார், சரிபண்றார். கட்டற்ற மென்பொருளும் அப்படித்தான். எழுதினவர் கைவிட்டாலும், விவரம் தெரிஞ்ச இன்னொருத்தர் எங்கம்மா ரிக்கார்டைத் திறந்திருப்பார்.

"நம்ம வியாதி ஊருக்கே தெரிஞ்சுடுமே!" என்று ஒரு பயம். சமையல் குறிப்பை ஊருக்குக் கொடுத்தா, ஊரே நம்ம அடுப்படிக்குள்ள வந்துடுமா? (சிரிப்பு) திறந்திருப்பது நிரல்தான். நோயாளி விவரத்துக்குப் பூட்டு கட்டாயம் வேணும். அந்தச் சாவி வியாபாரிகிட்ட இருக்கக்கூடாது, அவ்வளவுதான்.

இன்னிக்கு எங்கம்மா ஒரு மஞ்சள் பையில ரிப்போர்ட் சேர்த்து வெச்சிருக்காங்க. கம்ப்யூட்டரைவிட மஞ்சள் பையை நம்பவேண்டிய நிலைமை மாறணும், நடுவர் அவர்களே! (கைதட்டல்)