இடித்த வீடுகளின் கதவுகள்

தொலைவிலுள்ள ஒரு நகரத்தைச் சிறுவயதில் தொலைக்காட்சி வழியாக அறிந்தவர்களின் மனத்தில் இருப்பது பொய்ச் சித்திரம் என்று தள்ளிவிடுவது வழக்கம். ‘செசமி ஸ்ட்ரீட்’ என்ற குழந்தை நிகழ்ச்சி காட்டிய நியூயார்க்கை வைத்துப் பார்த்தால் அந்தத் தீர்ப்பு நிற்காது. 1969 நவம்பர் 10 அன்று அமெரிக்காவின் பொதுத் தொலைக்காட்சியில் தொடங்கிய இந்நிகழ்ச்சியின் முதல் நோக்கம், நகரத்து ஏழைப் பிள்ளைகளைப் பள்ளிக்கு ஆயத்தம் செய்வது. கார்னெகி, ஃபோர்டு அறக்கட்டளைகளும் அமெரிக்க அரசும் சேர்ந்து சுமார் 80 லட்சம் டாலர் கொடுத்தன. அதுவரை குழந்தை நிகழ்ச்சி என்றால் மாயக் கோட்டை, சர்க்கஸ் கூடாரம். நிகழ்ச்சியை உருவாக்கிய ஜோன் கன்ஸ் கூனியும் தயாரிப்பாளர் ஜான் ஸ்டோனும் ஹார்லெம் போன்ற பகுதிகளின் சாயலில் ஒரு தெருவையே கட்டினார்கள். நம் திண்ணையைப் போல ஊர்க்கதை பேச உதவும் வாசற்படிகள், பழுப்புக் கல் முகப்பு, மூலையில் ஹூப்பரின் கடை. ஆஸ்கர் என்ற சிடுமூஞ்சிப் பொம்மை குடியிருக்கும் குப்பைத் தொட்டிக்குப் பின்னால் வரிசையாகப் பழைய கதவுகள் நிற்கும். அன்றைய நியூயார்க்கில் கட்டடங்களை இடிக்கும்போது அவற்றின் கதவுகளையே வேலியாக நட்டு மனையை மறைப்பார்கள். குழந்தைக்கு அவை வெறும் வண்ணக் கதவுகள். அந்தத் தெருவில் யாரோ வீடிழந்திருக்கிறார்கள் என்ற உண்மையை அரங்கம் மறைக்காமல் வைத்திருந்தது.

இந்தத் தெருவைப் பார்த்து வளர்ந்த பிள்ளைக்கு நகரத்தின் வரைபடமோ புள்ளிவிவரமோ கிடைக்கவில்லை. அங்கே யார் யாரோடு எப்படி வாழ்வார்கள் என்ற எதிர்பார்ப்பு கிடைத்தது. 123ஆம் எண் வீட்டில் கோர்டன், சூசன் என்ற கறுப்பினத் தம்பதி. பக்கத்தில் வெள்ளையரான பாப். பின்னாளில் லத்தீன் வம்சாவளியைச் சேர்ந்த மரியாவும் லூயிஸும். ஹூப்பராக நடித்த வில் லீ 1982இல் இறந்தபோது அந்தப் பாத்திரத்துக்கு வேறு நடிகரைத் தேடவில்லை. ஹூப்பர் இனித் திரும்ப மாட்டார் என்பதை 1983 நவம்பரில் ஒளிபரப்பான பகுதியில் அண்டை அயலார் ஒன்றுகூடி பிக் பேர்டு என்ற பறவைப் பொம்மைக்குச் சொன்னார்கள். பெருநகரத்தில் பக்கத்து வீட்டுக்காரர் இறந்தாலும் தெரியாது என்று பெரியவர்கள் சொல்லிக்கொண்டிருந்த காலம் அது. ஒரு கடைக்காரரின் சாவு தெருவுக்கே துக்கம் என்று இந்நிகழ்ச்சி பிள்ளைகளிடம் சொன்னது. குழந்தைத் தொலைக்காட்சி எட்டிய உயரங்களில் ஒன்றாகவே நான் அதைக் கருதுகிறேன்.

இந்த எதிர்பார்ப்பு எவ்வளவு வலுவானது என்பதை எதிர்த்தவர்கள் நன்றாகவே புரிந்துகொண்டிருந்தார்கள். பல இனத்தவர் ஒன்றாக வாழ்வதைக் காட்டுகிறது என்பதற்காக 1970 மே மாதத்தில் மிசிசிப்பி மாநிலத்தின் கல்வித் தொலைக்காட்சி ஆணையம் நிகழ்ச்சியைத் தடுத்தது. செய்தி வெளியே வந்து கண்டனம் எழ, சில வாரங்களில் முடிவை மாற்றிக்கொண்டது. 1973இல் மேற்கு ஜெர்மனியில் மொழிமாற்றம் செய்து ஒளிபரப்பியபோது, இந்தத் தெரு ஜெர்மன் குழந்தைகளின் வாழ்க்கைக்குப் பொருந்தாது என்று பவேரிய நிலையம் ஒதுங்கிக்கொண்டது. அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் மற்ற நிலையங்களும் நியூயார்க் தெருக் காட்சிகளை எடுத்துவிட்டு உள்நாட்டுக் காட்சிகளைச் சேர்த்தன. எழுத்தும் எண்ணும் மட்டுமே பிள்ளைக்குப் போய்ச் சேரும் என்றால் தெருவை மாற்ற வேண்டிய தேவை என்ன?

உண்மையான நியூயார்க் அப்போது எரிந்துகொண்டிருந்ததே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. தெற்கு பிராங்ஸில் குடியிருப்புகள் தீக்கிரையாகின. 1975இல் நகராட்சி திவாலாகும் விளிம்புக்குப் போனது. 1977 ஜூலை மின்தடையின்போது கடைகள் சூறையாடப்பட்டன. இவை செசமி தெருவை எட்டவில்லை. ஆனால் அந்த முகத்தைக் காட்ட வேறு ஆட்கள் இருந்தார்கள். ‘கோஜாக்’ போன்ற போலீஸ் தொடர்கள் குற்ற நகரத்தை உலகெங்கும் கொண்டு சேர்த்தன. ‘கோஜாக்’கின் பெரும்பகுதி கலிஃபோர்னியாவில் படமானது. செசமி தெரு நியூயார்க்கிலேயே, அப்பர் வெஸ்ட் சைடில் இருந்த ஒரு ஸ்டுடியோவில் உருவானது. மரியாவாக நடித்த சோனியா மன்சானோ வளர்ந்தது அதே தெற்கு பிராங்ஸில். தீயும் கொள்ளையும் நடந்த தெருக்களில்தான் மளிகைக் கடைக்காரர்களும் பள்ளி ஆசிரியர்களும் வாழ்ந்தார்கள். அவர்களை விட்டுவிட்ட சித்திரத்தை மட்டும் யதார்த்தம் என்று ஏன் ஏற்க வேண்டும்?

அந்தத் தெரு நியூயார்க் என்பதே பல பிள்ளைகளுக்குத் தெரியாது என்பது இன்னும் கூர்மையான ஆட்சேபம். உண்மைதான், ஆனால் பெயர் பிறகு வந்து ஒட்டிக்கொள்ளும். பல ஆண்டுகள் கழித்து நியூயார்க்கின் ஒரு புகைப்படத்தைப் பார்க்கும்போது, அந்த வாசற்படிகள் ஏற்கெனவே பழகியவையாக இருக்கின்றன. அங்கே யார் உட்கார்ந்திருக்க வேண்டும் என்ற எண்ணமும் கூடவே வருகிறது. அப்படிப்பட்ட வீடுகள் பல இன்று மன்ஹாட்டனில் பல லட்சம் டாலருக்கு விலைபோகின்றன. ஹூப்பர்களும் மரியாக்களும் எங்கே போனார்கள் என்று கேட்கத் தோன்றினால், அந்தக் கேள்விக்கு வழிசெய்து கொடுத்ததில் இந்நிகழ்ச்சிக்கும் பங்குண்டு.