மெய்நிகர் பொறியும் அதன் இருப்பிடமும்

கணிப்பொறியின் வரலாற்றை எழுதப் புகுவோர் பெரும்பாலும் அதன் விரைவு வளர்ந்தவாற்றையே எடுத்துரைப்பர். எத்தனை நொடியில் எத்தனை கணக்கு என்னும் எண்கள் வியப்புத் தருவன. ஆதலின் அவையே ஏடுகளில் இடம்பெறுகின்றன. பொறி தன் உடைமைகளை எங்கே வைத்துக் காத்தது என்னும் வரலாறு அத்துணைக் கவர்ச்சியுடையதன்று. எனினும் மெய்நிகர் பொறி எனப்படும் அமைப்பைப் பொறுத்தமட்டில், அதன் இருப்பிட வரலாறே அதன் உண்மை வரலாறு என்று கொள்ளத் தகும். அதனையே ஈண்டு ஆராய்வோம்.

மெய்நிகர் பொறியாவது யாது? ஒரு கணினியினுள், மென்பொருளின் வல்லமையால், தனித்தனிக் கணினிகள் போல் இயங்கும் பல பொறிகளை அமைத்தலே அது. அவற்றுள் ஒவ்வொன்றும் தனக்கென ஓர் இயங்குதளம் உடையது. ஹாலிஎலயைச் சூழ்ந்த தோட்டங்களில் வாழ்வோர்க்கு இதனை விளக்கப் பெருமுயற்சி வேண்டா. ஒரு கூரை; அதன்கீழ் வரிசையாய்ப் பத்துக் காம்பராக்கள்; காம்பராவுக்கு ஒரு குடும்பம், ஓர் அடுப்பு. லயம் ஒன்றே; குடித்தனமோ பத்து. உவமை முற்றும் பொருந்தாது என்பதையும் கூறிவிடல் வேண்டும். லயத்தில் ஒரு வீட்டுப் பேச்சு அடுத்த வீட்டிற் கேட்கும். மெய்நிகர் பொறிகளிடையே அவ்வாறு கேட்கலாகாது என்பதே அமைப்பின் முதல் விதி.

இவ்வமைப்பின் பிறப்பிடம் அமெரிக்காவின் மசாசுசெட்ஸ் மாநிலத்துக் கேம்பிரிட்ஜ் நகரம். அங்கிருந்த ஐ.பி.எம். நிறுவனத்தின் அறிவியல் நிலையத்தில், றொபேட் கிறீசி, லெஸ் கோமோ என்போர் 1964ஆம் ஆண்டின் இறுதியில் ஒரு முயற்சியைத் தொடங்கினர். சி.பி.-40 எனப் பெயர்பெற்ற அவ்வமைப்பு 1967 சனவரியில் நாளாந்தப் பயன்பாட்டுக்கு வந்தது. சிறப்பாக மாற்றியமைக்கப்பட்ட ஒரே கணினியில் 14 மெய்நிகர் பொறிகள் ஒருங்கே இயங்கின. இதன் வழித்தோன்றலாகிய வி.எம்./370, 1972 ஆகத்தில் அறிவிக்கப்பட்டது.

பதினால்வருக்கும் நினைவகத்தைப் பங்கிடல் எளிது. நொடிப்பொழுதைப் பங்கிடலும் எளிது. ஒருவர் விட்டதை மற்றவர் பெறலாம். சேமிப்பகமோ அத்தன்மையதன்று. ஒருவர் வைத்த பொருள் அவர் மீண்டும் வரும்வரை வைத்தவிடத்தே இருத்தல் வேண்டும். அக்காலத்துத் தட்டுச் சுழற்றிகளோ மிக்க விலையுடையன, ஐ.பி.எம். 2311 என்பதன் ஒரு தட்டுக்கட்டு ஏறத்தாழ 7 மெகாபைற்றும், அடுத்துவந்த 2314 என்பதன் கட்டு 29 மெகாபைற்றுமே கொள்வன. ஆளுக்கொரு சுழற்றி கொடுத்தல் எந்நிறுவனத்துக்கும் இயலாத செயல். ஆகவே ஒரு தட்டைப் பல துண்டுகளாகப் பகுத்து, ஒவ்வொரு துண்டையும் ஒரு முழுத் தட்டுப்போலக் காட்டும் உபாயம் கண்டனர். அத்துண்டுக்கு மினிடிஸ்க் என்று பெயர், சிறுதட்டு எனலாம். எந்தச் சிறுதட்டு எவருக்குரியது, எந்தக் கட்டில் உளது, எந்த உருளையிற் தொடங்கி எத்தனை உருளைகள் செல்வது என்பனவெல்லாம் ஒரு பதிவேட்டில் எழுதப்பட்டன. தோட்டத்துச் செக்ரோலில் பெயரில்லாதவர்க்கு அன்றைய கூலி இல்லாமை போல, அப்பதிவேட்டில் இல்லாத சிறுதட்டு உலகில் இல்லாததேயாம். கணக்கப்பிள்ளை தவறு செய்யின் விளைவு என்னாகும்? இரு சிறுதட்டுகளுக்கு ஒரே உருளைகள் எழுதப்படின், ஒருவர் எழுதியதன்மேல் மற்றவர் எழுதுவார். இருவர் உடைமையும் கெடும். இதனைக் கண்டுபிடிப்பதற்கென்றே தனி நிரல்கள் எழுதப்பட்டமை, அத்தவறு அரிதன்று என்பதற்குச் சான்று.

இன்னுமொன்று இவ்விடத்திற் குறிக்கத்தக்கது. சிறுதட்டு ஒன்று ஒரே கட்டினுள் அடங்குதல் வேண்டும். கட்டுவிட்டுக் கட்டுத் தாவலாகாது. ஆயின் ஒருவருக்குப் பல சிறுதட்டுகள் பல கட்டுகளில் இருத்தல் தகும். ஒருங்கே உழைக்கும் இருவரது துண்டுகளை ஒரே கட்டில் வைப்பின் எழுதுமுனை இருபுறமும் அலைந்து களைக்கும் என்பதை அறிந்து, அவற்றை வெவ்வேறு சுழற்றிகளில் வைத்தனர் அக்காலப் பொறுப்பாளர். இன்று மேசைக் கணினியில் இரண்டு மூன்று தட்டுகளைப் பொருத்தி, எந்தப் பொறியை எதில் வைப்பது என எண்ணும் மாணவன், தான் அறியாமலே அவர்கள் வழியிலேயே செல்கின்றான்.

பின்னர் இக்கலை சிலகாலம் ஒளி குன்றியது. சிறுகணினிகள் மலிந்தபோது ஆளுக்கொரு பொறியே கிடைத்தது. ஒரு செயலி மெய்நிகர் அமைப்பை எளிதில் தாங்குதற்கு வேண்டிய இலக்கணத்தைப் போப்பெக், கோல்ட்பேர்க் என்போர் 1974இல் வகுத்திருந்தனர். மேசைக் கணினிகளின் இன்டெல் வகைச் செயலி அவ்விலக்கணத்திற்கு அமையாததாயிருந்தது. 1998இல் மெண்டல் றோசன்புளூம், டயான் கிறீன் முதலிய ஐவர் நிறுவிய வி.எம்.வெயார் நிறுவனம், செயலியின் கட்டளைகளை ஓடும்போதே பெயர்த்தெழுதும் உத்தியால் அத்தடையைக் கடந்து, 1999இல் மேசைக் கணினிக்குரிய தன் மென்பொருளை வெளியிட்டது. செயலியிலேயே இதற்கான வசதி 2005, 2006ஆம் ஆண்டுகளில் வந்துசேர்ந்தது. 2007இல் வேர்ச்சுவல்பொக்ஸ் என்பதன் திறந்த பதிப்பு விலையின்றிக் கிடைக்கலாயிற்று. பணம் கொடுத்து மென்பொருள் வாங்கவியலாத மலையக மாணவனுக்கு வாயில் திறந்தது அப்போதுதான் எனலாம். வலையமைப்புப் பயில மூன்று கணினிகள் வேண்டிய இடத்தில், ஒன்றே மூன்றாயிற்று.

மேசைக் கணினியில் நிகழ்ந்த பெருமாற்றம் யாதெனின், பொறி முழுவதும் கோப்பாயிற்று என்பதே. முன்னர்த் தட்டின் உருளைகளாயிருந்தது இப்போது ஒரு கோப்பு. கோப்பாயின் அதனைப் படியெடுக்கலாம், நகர்த்தலாம், வேறொருவர்க்குக் கொடுக்கலாம். ஆனால் அக்காலக் கோப்புமுறைகளுள் ஒன்று 2 ஜிகாபைற்றுக்கு மேற்பட்ட கோப்பை ஏலாது. மற்றொன்று 4 ஜிகாபைற்றுக்கு மேல் ஏலாது. ஆதலின் வி.எம்.வெயார், மெய்நிகர்த் தட்டை 2 ஜிகாபைற்றுத் துண்டுகளாக வெட்டிவைக்கும் வழக்கத்தைக் கொண்டது. எத்துண்டு எங்குளது என்பதைச் சிறியதொரு எழுத்துக்கோப்பு கூறும். அவ்வெழுத்துக்கோப்பைத் திறந்து பார்ப்போர்க்கு, கேம்பிரிட்ஜ் நகரத்துப் பதிவேடு முப்பதாண்டின் பின் மறுபிறவி எடுத்தமை விளங்கும். அதில் எழுதப்படும் துண்டுகள் வெவ்வேறு தட்டுகளிலும் இருக்கலாம். அஃதாவது பழைய சிறுதட்டுக்கு இல்லாத உரிமை இதற்கு உண்டு.

இவ்வுரிமையைப் பயன்படுத்தல் நன்றோ? காந்தத் தட்டு நிமிடத்துக்கு 7200 முறை சுழல்வது. வேண்டிய இடம் முனையின்கீழ் வந்துசேரச் சராசரியாக 4 மில்லிநொடிக்கு மேலாகும். முனை நகர்தற்கு அதனினும் கூடுதல் நேரம் செல்லும். ஆகவே அங்குமிங்கும் சிதறிக்கிடக்கும் செய்திகளை நொடிக்கு நூறு முறையளவு எடுத்தலும் அதற்கு அரிது. மூன்று இயங்குதளங்கள் ஒரே தட்டில் ஒருங்கே விழித்தெழுந்தால் அத்தட்டுப் படும் பாடு சொல்லுந்தரமன்று. தனித்தனித் தட்டுகளில் வைத்தால் இடர்ப்பாடு நீங்கும். அசையும் உறுப்பில்லாத திண்மத் தட்டு 2008ஐ ஒட்டி மேசைக் கணினிகளுக்கு வரத்தொடங்கியது. அவ்வாண்டில் இன்டெல் வெளியிட்டது 80 ஜிகாபைற்றே கொள்வது, விலையும் மிகுதி. எனவே நாளும் உழைக்கும் பொறி திண்மத் தட்டிலும், எப்போதாவது எழுப்பப்படுவது காந்தத் தட்டிலும் என்னும் பகுப்பு வழக்கில் வந்தது. விலை பெரிதும் தாழ்ந்துவிட்ட இந்நாளிலும் அப்பகுப்பு அறிவுடையதே.

இடவளவைப் பற்றியும் ஒரு சொல். மெய்நிகர்த் தட்டு பெரும்பாலும் வளர்தட்டாக அமைக்கப்படும். நூறு ஜிகாபைற்று என்று பெயர் பெற்றாலும் பத்தே கொண்டிருக்கும். ஐந்நூறு ஜிகாபைற்றுத் தட்டில் இத்தகையன எட்டு வைத்தோன், எண்ணூறு வாக்குறுதி கொடுத்தவனாவான். சீட்டுக் கட்டியோர் எல்லாரும் ஒரே மாதத்திற் பணம் கேட்டாற் போல, எல்லாம் ஒருங்கே வளரும் நாளில் இடமின்றிப் பொறி இடைநடுவில் நின்றுவிடும்.

இனி, பலரும் மயங்கும் இடத்துக்கு வருவோம். பல தட்டுகளிற் பரப்பிவைத்தல் காப்பாகும் என்பது பரவலான நம்பிக்கை. அது பிழையான நம்பிக்கை. ஒரு தட்டு ஓராண்டிற் பழுதாகும் வாய்ப்பு நூற்றுக்கு 5 என்று வைத்துக்கொள்வோம். ஒரு பொறியின் துண்டுகள் நான்கு தட்டுகளிற் பரந்து கிடப்பின், எது பழுதானாலும் பொறி இறக்கும். ஆதலின் வாய்ப்பு நூற்றுக்கு 18க்கு மேலாக உயரும். பேர்க்லிப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பற்றர்சன், கிப்சன், காட்ஸ் என்னும் மூவர் 1988இல் வெளியிட்ட புகழ்பெற்ற கட்டுரை இவ்வுண்மையையே தொடக்கமாகக் கொண்டது. 30,000 மணிநேரம் உழைக்கும் தட்டுகள் நூற்றை இணைத்தால், 300 மணிநேரத்தில், அஃதாவது இரண்டு வாரத்துக்குள், ஏதேனும் ஒன்று பழுதாகும் எனக் கணித்து, மிகைப்படி இன்றிப் பரப்பல் ஆகாது என்றனர். பரப்பல் வேறு, படியெடுத்தல் வேறு. முன்னது விரைவுக்காவது, பின்னதே காப்பு. நிழற்படிகள் எனப்படும் இடைநிலைப் பதிவுகளையும் காப்பெனக் கருதுவோர் உளர். அவை மூலக்கோப்பின்மேல் அடுக்கப்பட்ட வேறுபாடுகளேயன்றித் தனிப்படிகள் அல்ல. மூலம் ஒரு தட்டிலும் நிழல் மற்றொன்றிலும் இருக்க, மூலம் அழியின் நிழலாற் பயனில்லை. வேர்ச்சுவல்பொக்ஸ் தன் நான்காம் பதிப்பில், 2010 இறுதியில், அதுவரை வெவ்வேறிடங்களில் வைத்த கோப்புகளை ஒரு பொறிக்கு ஒரு கோப்புறை என்று ஒருங்கமைத்தது, பொறியை முழுதாக எடுத்துச்செல்ல எளிதாதற் பொருட்டேயாம்.

படியெடுத்தல் தமிழர்க்குப் புதிதன்று. ஏடுகள் ஒன்றிரண்டு நூற்றாண்டுகளிற் சிதைவன. ஆயினும் ஊர்தோறும் மடந்தோறும் படிகள் இருந்தமையாலன்றோ சாமிநாதையர் போன்றோர் ஒப்பிட்டு நூல்களை மீட்டனர்! ஓரிடத்தே குவிந்தவற்றின் கதியை 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபோது கண்டோம். அன்று சாம்பலானவை ஏறத்தாழ 97,000 நூல்கள்.

ஊவாவுக்கு இது இன்னும் அண்மைய செய்தி. 1949ஆம் ஆண்டின் இந்திய பாகிஸ்தானியர் குடியுரிமைச் சட்டத்தின்கீழ் விண்ணப்பித்த தோட்டத் தொழிலாளர், மணமானவராயின் 7 ஆண்டும் அல்லாதார் 10 ஆண்டும் தொடர்ந்து இந்நாட்டில் வாழ்ந்தமைக்குச் சான்று காட்டவேண்டியிருந்தது. ஒரு துண்டு, ஒரு சிட்டை, ஒரு பதிவு எங்குளது என்பதில் ஒரு குடும்பத்தின் நாடு எது என்பது தங்கிற்று. அவை பெரும்பாலும் காம்பரா மூலையிலிருந்த தகரப்பெட்டியில் இருந்தன. படி வேறெங்கும் இல்லை. 2014 ஒக்டோபர் 29ஆம் நாள் கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியபோது, உயிர்களோடு பெட்டிகளும் புதைந்தன. இன்று அப்பெட்டியின் இடத்தைப் பல வீடுகளில் மேசைக் கணினி பெற்றுள்ளது. அதனுள் நான்கு தட்டுகள் இருப்பினும் மண்ணுக்கும் மின்னலுக்கும் அது ஒரே பெட்டியே.

மின்தடையும் கருதத்தக்கது. 2022 மார்ச்சு இறுதியில் நாளொன்றுக்கு 13 மணிநேரம் வரை மின்சாரம் நிறுத்தப்பட்டதை யாவரும் அறிவர். மெய்நிகர் பொறி எழுதிவிட்டதாக எண்ணிய செய்தி, விருந்தளிக்கும் கணினியின் நினைவகத்திலேயே தங்கியிருத்தல் உண்டு; அந்நொடியில் மின்சாரம் அறின், இரண்டு தட்டுகளிற் கிடக்கும் துண்டுகளுள் ஒன்று புதியதாகவும் மற்றது பழையதாகவும் நிற்கும்.

ஹாலிஎலயில் ஒரு படியும் பதுளையில் ஒரு படியும் வைத்தல் இரண்டு இடங்களில் வைத்ததாகுமா என்னும் வினாவும் எழும். இரண்டும் ஒரே மழையில் நனையும் மலைகள். கண்டியிலோ கொழும்பிலோ உறவினர் இல்லத்தில், சட்டைப்பைக்குள் அடங்கும் சிறு தட்டொன்றில் ஒரு படி இருத்தல் நன்று. எடுக்கும்போது பொறியை முறைப்படி அணைத்துவிட்டே எடுத்தல் வேண்டும். ஓடும் பொறியின் கோப்பைப் படியெடுத்தால், தலைப்பகுதி ஒரு நொடியினதாகவும் கடைப்பகுதி மற்றொரு நொடியினதாகவும் அமைந்து, திறக்கும் நாளிலே அது திறவாது. எடுத்த படியை வேறொரு கணினியில் ஒருமுறை இயக்கிப் பார்த்த பின்னரே பழையதை அழிக்கலாம்.