பிள்ளைப்பிணிப் பெயர்களும் குழந்தை மருத்துவ வரலாறும்

வளர்ந்தார் தம் நோயைத் தாமே எடுத்துரைப்பர். குழவி அவ்வாறு உரைக்க இயலாது. அதன் அழுகையையும் முகக்குறிப்பையும் உடற்சூட்டையும் கண்ட தாய் அந்நோய்க்கு ஒரு பெயர் இடுகின்றாள். அப்பெயரைக் கேட்ட பின்னரே மருத்துவர் தம் ஆய்வைத் தொடங்குகின்றார். ஆதலின் குழந்தை மருத்துவத்தின் வரலாறு ஒருவகையிற் சொற்களின் வரலாறும் ஆகும். இத்துறையைத் தமிழாசிரியர்க்குப் புறம்பானதென ஒதுக்குதல் பொருந்தாது. காரைக்காற் பகுதியிலுள்ள திருவேட்டக்குடியைத் தொடக்கமாகக் கொண்டு, தமிழர் பிள்ளைப்பிணிகளை எவ்வாறு பெயரிட்டு அறிந்தனர், அப்பெயர்கள் இக்கால ஆராய்ச்சிக்கு எவ்வளவு துணையாகவும் எவ்வளவு தடையாகவும் நிற்கின்றன என்பதனை இக்கட்டுரை ஆராய முற்படுகின்றது.

1. தலமும் இலக்கியமும்

திருவேட்டக்குடி கடற்கரையை அடுத்த பழைய ஊர். இறைவன் வேடனாய் எழுந்தருளினான் என்னும் தலவரலாறு உடையது. திருஞானசம்பந்தரின் பதிகம் பெற்று மூன்றாந் திருமுறையில் இடம்பெற்றது. மூன்றாம் ஆண்டில் ஞானப்பால் உண்டு பாடத் தொடங்கிய பிள்ளையாகிய சம்பந்தர், பிறருடைய பிணி தீர்த்தவராகவும் போற்றப்படுகின்றார். திருப்பாச்சிலாச்சிராமத்திற் கொல்லிமழவன் மகளைப் பற்றியிருந்த ‘முயலகன்’ என்னும் நோயை அவர் நீக்கிய செய்தியைச் சேக்கிழார் பெரியபுராணத்திற் கூறுவர். முயலகன் என்பது வலிப்பு வகையைச் சார்ந்தது என அகராதிகள் பொருள் தரும். கூத்தப்பெருமான் திருவடியின்கீழ்க் கிடக்கும் பூதத்தின் பெயரும் அதுவேயாதல் கருதத்தக்கது. உணர்விழந்து வீழ்ந்த பெண்ணின் நிலைக்கு ஒரு பூதத்தின் பெயரை இட்டமையால், அந்நோய் உடலின் உள்ளே தோன்றியதன்று, புறத்தேயிருந்து வந்து பற்றியது என்னும் கருத்துப் பெறப்படும். பெயரே காரணத்தையும் சொல்லிவிடுகின்றது என்க.

இதற்கு மாறாகத் தமிழ் இலக்கியத்தில் வேறொரு நோக்கும் உண்டு. அது குழவியைக் கூர்ந்து நோக்கி வளர்ச்சியை அளக்கும் நோக்கு. பிள்ளைத்தமிழின் பருவப் பகுப்பு இதற்குச் சான்று. ஐந்தாந் திங்களிற் செங்கீரை, ஒன்பதாந் திங்களிற் சப்பாணி என்றாற்போலப் பாட்டியல் மரபு பருவங்களுக்குத் திங்கள் வரையறுக்கும். நூலுக்கு நூல் இவ்வரையறை சிறிது வேறுபடும். தலையெடுத்தல், கைகொட்டுதல், தளர்நடையிட்டு வருதல் என அமைந்த இவ்வரிசை கவிமரபாயினும், குழவியை நாடோறும் கண்டோர் கண்ட உண்மையை அடியாகக் கொண்டது. உலக நலவாழ்வு நிறுவனம் 2006ஆம் ஆண்டில் வெளியிட்ட வளர்ச்சி அளவீடுகள், துணையின்றி நடத்தல் ஏறத்தாழ 8 திங்கள் முதல் 17 திங்களுக்குள் நிகழும் எனக் காட்டின. அவ்வாய்விற்கு உலகில் தேர்ந்த ஆறு நகரங்களுள் புதுதில்லியும் ஒன்று. வருகைப் பருவத்தைப் பதின்மூன்றாந் திங்களில் வைக்கும் மரபு இவ்வெல்லைக்குள் அடங்கும். ஆயினும் பாட்டியல் ஒரு திங்களைச் சுட்டுகின்றது. ஆராய்ச்சி ஒரு கால எல்லையைச் சுட்டுகின்றது. ஒரே திங்களை விதியாகக் கொண்டால் சற்றே பிந்திய நலமுள்ள குழவியும் குறையுடையதாக எண்ணப்படும். எல்லையை அறிந்தால் வீண் அச்சம் நீங்கும். உண்மையான குறை தப்பவும் தப்பாது.

2. சாலையும் வாகடமும்

பண்டைத் தமிழகத்தில் மருத்துவச் சாலைகள் இருந்தமை கல்வெட்டால் அறியப்படும். வீரராசேந்திரனின் திருமுக்கூடற் கல்வெட்டு பதினொன்றாம் நூற்றாண்டைச் சார்ந்தது. அதிற் குறிக்கப்படும் வீரசோழன் என்னும் ஆதுலர் சாலையிற் கிடைகள் பதினைந்து இருந்தன. மருத்துவர், அறுவை செய்வார், மருந்து கொணர்வார், பணிமகளிர் ஆகியோர்க்கு ஊதியமும் வரையறுக்கப்பட்டது. அங்குப் பயின்ற மாணாக்கரும் கோயிற் பணியாளரும் பயன் பெற்றனர். குழந்தை மருத்துவமோ பெரும்பாலும் இல்லத்திலேயே நிகழ்ந்தது. பிள்ளை பெற்ற மனையில் ஐயவி பயன்படுத்திய வழக்கத்தை நற்றிணையால் அறிகின்றோம். சிறார்க்கு ஐம்படைத்தாலி அணிந்த வழக்கத்தை மணிமேகலை காட்டும்.

இல்லத்து அறிவு நூலாக வடிவு பெற்ற இடம் பாலவாகடம் ஆகும். சித்த மருத்துவத்திற் குழந்தைப் பிணிகளைத் தனித்து ஆராயும் இவ்வகை நூல்கள் மாந்தம், கணம், தோடம், கரப்பான், அக்கரம் முதலிய பெயர்களின்கீழ் நோய்களைத் தொகுக்கும். தஞ்சையை 1798 முதல் 1832 வரை ஆண்ட இரண்டாம் சரபோசியின் காலத்தில் தொகுக்கப்பெற்ற மருத்துவ முறைகளிலும் கருவுற்றார் நோயும் பாலர் நோயும் இடம்பெற்றன. சரசுவதி மகால் நூலகம் அவற்றைப் பதிப்பித்துள்ளது.

‘மாந்தம்’ என்னும் ஒரு சொல்லை எடுத்துக்கொள்வோம். செரியாமாந்தம் என்பது செரிமானக் கோளாறு. போர்மாந்தம், மாந்தவலி முதலியவற்றிற் காய்ச்சலும் வலிப்பும் கலந்துள்ளன. வயிறு பொருமுதலும் கை கால் வெட்டி இழுத்தலும் ஒரே தலைப்பின்கீழ் வந்தமைக்குக் காரணம், இரண்டும் உண்ட உணவின் வேறுபாட்டால் விளைந்தன என்னும் கொள்கையே ஆகும். இக்கால மருத்துவத்தில் இவை வெவ்வேறு நோய்கள். வேண்டும் விரைவும் வெவ்வேறு. ஒரு பெயர் இருவேறு நோய்களை மறைக்கும் இடம் இது.

எல்லாப் பெயர்களும் இவ்வாறு மறைப்பன அல்ல. ‘மாலைக்கண்’ என்பதனைக் காண்க. பகலிற் காணும் குழந்தை அந்தியிற் பொருள்களைத் தடவித் தேடுதலைக் கண்டோர் இட்ட பெயர் இது. காரணத்தைப் பற்றி எக்கொள்கையும் கூறாமற் காட்சியை மட்டும் கூறுகின்றது. உயிர்ச்சத்து ஏ குறைவின் தொடக்க அடையாளங்களுள் ஒன்றை இச்சொல் பிழையின்றிச் சுட்டுகின்றது. காரணம் கூறும் பெயர் காலத்தாற் பொய்த்தல் கூடும். காட்சி கூறும் பெயர் பெரும்பாலும் பொய்ப்பதில்லை. இவ்வேறுபாடே இக்கட்டுரையின் உயிர்நிலை.

3. புதுமருத்துவமும் தமிழும்

காரைக்கால் 1739இல் தஞ்சை மன்னரிடமிருந்து பிரெஞ்சுக்காரர் கைக்கு வந்தது. 1954 நவம்பர் முதல் நாளில் ஆட்சி மாறியது. ஆள்வோர் மொழி பிரெஞ்சு. தாயர் மொழி தமிழ். சென்னை மாகாணத்தில் ஆள்வோர் மொழி ஆங்கிலம். இரு பகுதியிலும் புதுமருத்துவம் தாயை அடையத் தமிழ் வேண்டியதாயிற்று.

இதனை முதலில் உணர்ந்தோருள் ஒருவர் எல்லிஸ். திராவிட மொழிகளின் ஒருமையை 1816இல் எடுத்துக்காட்டிய அவர், அம்மை குத்துதலை மக்கள் ஏற்கவேண்டிப் பசுவின் அம்மைப்பாலைத் தெய்வக் கொடையாகக் கூறும் ஒரு கதையையும் எழுதினார். இதனை டிரவுட்மன் ஆராய்ந்துள்ளார். அம்மை என்னும் நோய்ப்பெயரே தெய்வப் பெயராயிருந்த நாட்டில் அவர் பெயரை எதிர்க்காமல் பெயரின் வழியே புகுந்தார். எனினும் பழங்கதைபோற் புனைந்து இணங்கவைத்தல் அறிவூட்டல் ஆகாது.

மாறான வழியைக் கடலுக்கு அப்பால் யாழ்ப்பாணத்திற் கண்டவர் மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன் (1822–1884). 1847இல் அங்கு வந்த அவர், மேலைமருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்தார். உடலமைப்பு, அறுவை மருத்துவம், வேதியியல் முதலிய துறைகளில் நூல்களைத் தமிழாக்கினார். மான்செல் என்பாரின் மகப்பேற்று மருத்துவ நூல் 1857இல் தமிழில் வெளிவந்தது. அவர்தம் கலைச்சொற்களில் வடசொல் மிகுதி என்னும் குறை கூறப்படலாம். ஆயினும், மருத்துவம் கற்ற தமிழ் மாணாக்கர் தாயின் மொழியிலேயே அவளிடம் வினவவும் விடையளிக்கவும் இயலும் என்பதனை அவர் செயலாற் காட்டினார். அவர் தொடங்கிய வழி உயர்கல்வியில் தொடராது போயிற்று. அவ்விழப்பு தமிழுக்கு மட்டும் உரியதன்று.

4. இல்லந்தோறும் சென்ற ஆராய்ச்சி

சென்ற ஐம்பது ஆண்டுகளில் குழந்தை நலத்திற்கு உலகறிந்த சான்றுகள் சில தமிழகத்திலிருந்தே கிடைத்தன. அவற்றுள் இரண்டினை ஈண்டுக் காண்போம்.

முதலாவது திருச்சி மாவட்டத்தில் நிகழ்ந்தது. மதுரை அரவிந்த் மருத்துவமனையைச் சார்ந்த இரகமத்துல்லாவும் பிறரும் 15,419 சிறு குழந்தைகளைத் தேர்ந்தனர். ஒரு சாரார்க்கு வாரந்தோறும் சிற்றளவு வைட்டமின் ஏ இல்லத்திலேயே வழங்கப்பட்டது. 1990இல் வெளியான முடிவின்படி அக்குழந்தைகளிடையே இறப்பு 54 விழுக்காடு குறைந்தது. கண்ணைக் காக்கும் என அறியப்பட்ட பொருள் உயிரையும் காக்கும் என்பது தெளிவாயிற்று. பாட்டிமார் ‘மாலைக்கண்’ என்று சுட்டிய குறை பார்வைக்கு மட்டும் உரியதன்று என்பதும் உடன் விளங்கிற்று. அக்குழுவினரே பிறந்த இரு நாளுக்குள் வைட்டமின் ஏ அளித்துத் தமிழக ஊர்ப்புறங்களில் 11,619 சிசுக்களிடம் ஆய்ந்து, இறப்பு 22 விழுக்காடு குறைந்தது என 2003இல் வெளியிட்டனர். ஆனால் அரியானாவில் இதனினும் பெரிதாக நிகழ்ந்து 2014இல் வெளியான ஆய்வு அத்தகைய தெளிவான பயனைக் காட்டவில்லை. ஓர் இடத்து உண்மையை எல்லா இடத்திற்கும் விதியாக்குதல் ஆகாது என்பதற்கு இது சான்று.

இரண்டாவது வேலூரில் நிகழ்ந்தது. கிறித்தவ மருத்துவக் கல்லூரியைச் சார்ந்த ககன்தீப் காங் முதலியோர் 2002இல் தொடங்கிப் பிறந்த நாள் முதல் மூன்றாண்டு வரை 373 குழந்தைகளை இடைவிடாது கண்காணித்தனர். வயிற்றுப்போக்கை விளைக்கும் ரோட்டா வைரஸ் ஏறக்குறைய எல்லாக் குழந்தைகளையும் தொற்றியமை கண்டனர். மூன்று முறை தொற்றிய பின்னரும் கடும் நோய்க்கு எதிரான காப்பு 79 விழுக்காடே இருந்தது. மெக்சிகோவிற் கண்ட காப்பினும் இது குறைவு. அதே கல்லூரியைச் சார்ந்த ஜேக்கப் ஜான், வாய்வழி இளம்பிள்ளைவாத மருந்து நம் குழந்தைகட்குக் கூடுதல் முறை தரப்படவேண்டும் என்பதனை 1970களிலேயே காட்டினார். பிற நாட்டு அளவு நம் நாட்டிற்கு அப்படியே பொருந்தாது என்னும் உண்மை இவ்வாறு மீண்டும் மீண்டும் நிறுவப்பட்டது. இந்தியாவில் இளம்பிள்ளைவாதத்தின் இறுதி இயல்நோய் 2011 சனவரியில் காணப்பட்டது.

இரு ஆய்வுகளிலும் பொதுவான ஒன்று உண்டு. ஆய்வுப்பணியாளர் இல்லந்தோறும் சென்று தாயிடம் வினவினர். தாயின் சொல்லே முதற் சான்று.

5. சொல்லே சான்றாகும் இடம்

மருத்துவமனையை அடையாது இறந்த குழந்தையின் நோயை எவ்வாறு அறிவது? இறந்த பின் இல்லத்தாரை வினவி அவர் கூறியதனைக் கொண்டு காரணம் துணியும் முறை ஒன்று உண்டு. இந்தியப் பதிவுத் தலைமை அலுவலகமும் பிரபாத் ஜா முதலியோரும் நடத்திய பேராய்வில், இல்லத்தார் உரைத்தது அவர்தம் மொழியிலேயே எழுதிக்கொள்ளப்பட்டது. பின்னர் மருத்துவர் இருவர் தனித்தனியே படித்துக் காரணம் துணிந்தனர். 2010இல் வெளியான முடிவின்படி, ஒரு திங்களுக்கு மேல் ஐந்தாண்டுக்குட்பட்ட குழந்தைகளின் இறப்பிற் பாதி நிமோனியாவாலும் வயிற்றுப்போக்காலும் நேர்ந்தது.

இம்முறையின் வலிமையும் மென்மையும் சொல்லிலேயே தங்கியுள்ளன. ‘தோடம் பட்டது’ என்று எழுதப்பட்ட ஏட்டிலிருந்து மருத்துவர் யாது அறிவர்? வயிற்றுப்போக்கால் நீர்வற்றித் தலையுச்சியின் மென்பகுதி உள்வாங்கியதா, மூச்சு விரைந்து விலா இழுத்ததா என்பது அச்சொல்லில் இல்லை. உயிரோடிருக்கும் குழந்தைக்கும் இவ்விடர் உண்டு. 1971இல் அகதி முகாமில் திலீப் மகலனாபிஸ் உப்பும் சர்க்கரையும் கலந்த நீரால் எண்ணற்றோரைக் காத்தார். ஆனால் கழிச்சலைத் தோடமெனப் பெயரிட்ட இல்லத்தில் அந்நீர் பருகும் முன்னரே மந்திரித்தலுக்குப் பொழுது கழிந்துவிடும். நீர்வற்றிய குழவிக்கு நாழிகை தோறும் விலை மிகுதி.

இதனால் நாட்டுச்சொற்களைப் பழித்து ஒதுக்குதல் வேண்டும் என்று கூறவில்லை. அச்சொற்களை அறியாத மருத்துவரும் அவ்வளவே இடர்ப்படுவர். ‘உரம் விழுந்தது’, ‘குடலேற்றம்’, ‘கணம்’ என்று தாய் கூறும்போது, அவள் கண்ட காட்சி யாது என அடுத்து வினவத் தெரிதல் வேண்டும். பெயரை மறுத்தால் தாய் வாய்மூடுவாள். பெயரின் உள்ளே நுழைந்தால் காட்சியைக் கூறுவாள்.

6. செய்யவேண்டுவன

காரைக்காலில் 2016 முதல் ஜிப்மர் கிளை மருத்துவக் கல்வி அளித்து வருகின்றது. திருவேட்டக்குடியிலேயே தேசியத் தொழில்நுட்பக் கழகம் உள்ளது. பழைய தலமும் புதிய கல்வியும் மீனவர் குடியிருப்பும் உழவர் குடியிருப்பும் அருகருகே அமைந்த நிலம் இது. தமிழ் முதுகலை மாணாக்கர் இங்குக் கள ஆய்வு மேற்கொண்டு பிள்ளைப்பிணிச் சொற்களைத் தொகுத்தல் எளிது. ஒவ்வொரு சொல்லுக்கும் மூன்று செய்திகள் குறிக்கப்படல் வேண்டும்: தாய் கண்ட காட்சி, அவள் கருதும் காரணம், அவள் உடனே செய்வது. முதலாவது மருத்துவர்க்கு நோயைக் காட்டும். இரண்டாவது வாகடத்தோடு ஒப்பிடத் துணையாகும். மூன்றாவது பொழுது எங்கே வீணாகின்றது என்பதனைப் புலப்படுத்தும். அத்தொகுப்பைச் சித்த மருத்துவரும் குழந்தை மருத்துவரும் உடனிருந்து ஆராய்தல் வேண்டும்.

2020ஆம் ஆண்டு மாதிரிப் பதிவுக் கணக்கின்படி ஆயிரம் பிறப்புக்குச் சிசு இறப்பு இந்தியாவில் 28, தமிழ்நாட்டில் 13. எண் குறையக் குறைய எஞ்சிய இறப்புகளை அறிதல் அரிதாகும். ஒவ்வோர் இல்லத்தின் சொல்லும் அவ்வளவுக்கு விலைபெறும். அச்சொற்களை நன்கறிந்த முதுமகளிரோ நாளும் குறைந்து வருகின்றனர். ஏட்டுச்சுவடி அழியுமுன் பதிப்பித்த பெரியோர் வழியில் வந்த நாம், வாய்ச்சொல் அழியுமுன் தொகுத்தலையும் நம் கடனாகக் கொள்ளல் வேண்டும். அகராதியில் ஏறும் ஒரு சொல் ஒரு குழந்தை உரிய பொழுதில் மருத்துவரை அடைய உதவுமாயின், தமிழாராய்ச்சிக்கு அதனினும் சிறந்த பயன் வேண்டுவதில்லை.