வன்தட்டில் ஒரு பாகப்பிரிவினை

2011 செப்டம்பர் 15, அண்ணா பிறந்தநாளன்று தமிழக அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டம் தொடங்கியது. பரமத்தி வேலூர் போன்ற ஊர்களின் மாணவர் கைகளுக்கும் அது வந்து சேர்ந்தது. முதலில் வழங்கப்பட்டவற்றின் வன்தட்டில் இரு குடித்தனங்கள்: ஒன்று விண்டோஸ், மற்றது சென்னை சி-டாக் உருவாக்கிய கட்டற்ற இயங்குதளமான பாஸ் லினக்ஸ்.

பங்குகளின் எல்லையைக் குறிப்பது தட்டின் தொடக்கத்திலுள்ள ஒரு சிறு அட்டவணை. 1983இல் டாஸ் 2.0 உடன் வந்த அம்முறையில் முதன்மைப் பிரிவுகள் நான்குதான். எல்லையை மாற்றுவது, காவிரிக்கரைக் கொடிக்காலில் வரப்பை நகர்த்துவது போன்றது. வழியிலிருக்கும் வெற்றிலைக்கொடியை முதலில் பெயர்த்து நட்டாக வேண்டும். ஜிபார்ட்டட் போன்ற மென்பொருள்களும் கோப்புகளை ஒதுக்கிவிட்டே பிரிவைச் சுருக்குகின்றன. இடையில் மின்கலம் தீர்ந்தால் சேதந்தான்.

இடம் போதாதபோது லினக்ஸின் பங்கை அழித்து விண்டோஸோடு சேர்ப்பது எளிய வழியாகத் தோன்றும். ஆனால் எந்த இயங்குதளத்தை எழுப்புவதென்று கேட்கும் கிரப் நிரலின் கோப்புகள் பெரும்பாலும் லினக்ஸ் பங்கிலேயே இருக்கும். அதை அப்படியே அழித்தால் விண்டோஸும் எழாது. வேண்டாத பங்காளியிடந்தான் வீட்டுச் சாவி. அழிக்காமல் சுருக்கினால் இருவருக்கும் இடமுண்டு. மாணவருக்குத் தேர்வும் உண்டு.