மீன்தொட்டி விசிறிக் குளிர்விப்பு

மீன்தொட்டி விசிறிக் குளிர்விப்பு என்பது வீட்டு மீன்தொட்டியின் நீர்ப்பரப்பின் மீது மின்விசிறியால் காற்றைச் செலுத்தி, ஆவியாதல் மூலம் நீரின் வெப்பநிலையைக் குறைக்கும் முறையாகும். நீர் சூடேறும்போது அதில் கரைந்துள்ள ஆக்சிசன் குறைகிறது. மீன்களின் ஆக்சிசன் தேவையோ கூடுகிறது. இதனால் கோடையில் மீன்கள் மேற்பரப்புக்கு வந்து மூச்சுத் திணறுவதுண்டு.

மண்பானை நீர் குளிர்வதும் இவ்வாறே. ஒரு லிட்டர் நீர் ஆவியாவதற்கு ஏறத்தாழ 2,400 கிலோயூல் வெப்பம் தேவைப்படுகிறது. வெளியிலிருந்து வெப்பம் சேராவிடில், இது 100 லிட்டர் நீரை ஏறத்தாழ 6 பாகை செல்சியசு குளிர்விக்கப் போதுமானது. தொட்டியின் மூடி திறந்திருத்தல் வேண்டும். காற்றின் ஈரக்குமிழ் வெப்பநிலைக்குக் கீழே நீரைக் குளிர்விக்க இயலாது. எனவே கடலோரப் புழுக்கத்தில் பயன் குறைவே.

ஆவியாவது நீர் மட்டுமே. உப்புகள் தொட்டியிலேயே தங்குகின்றன. ஆகையால் கடல்நீர்த் தொட்டிகளில் குறைந்த அளவை உப்புநீரால் அல்லாமல் நன்னீராலேயே நிரப்ப வேண்டும். இல்லையேல் உவர்ப்பு உயர்ந்து பவளங்கள் மடியக்கூடும்.